வீரய்யா வாசிக்காத பக்கம்

அக்கரப்பத்தனை
11.02.2024

ஜீவராணிக்கு,

இது உன் அப்பா செல்லசாமி எழுதுவது. நானே எழுதுகிறேன். எப்போதும் எனக்காக எழுதித் தரும் வீரய்யா எழுதவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. கதவைச் சாத்தியிருக்கிறேன்.

நான் எழுத்துப் படித்துவிட்டேன். அறுபத்தொன்பது வயதில். போன ஆடியில் தொடங்கினேன். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் கிருஷாந்தி டீச்சர் சொல்லித் தந்தார். பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கும் நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒருத்தி மட்டும் தூங்க மாட்டாள். நான் ‘ஈ’ போடும்போது எட்டிப் பார்த்து, “தாத்தா, அதுக்கு ரெண்டு பொட்டு வைக்கணும். இதுகூடத் தெரியாதா ஒங்களுக்கு?” என்பாள்.

இப்போது எதைப் பார்த்தாலும் வாசிக்கிறேன். சவர்க்கார உறை, பிஸ்கட் உறை, எல்லாம். நம் டிவிஷன் முகப்பில் ஒரு பலகை இருக்கிறதே. ஐம்பது வருடம் அதைத் தாண்டி வேலைக்குப் போனேன். ‘நல்வரவு’ என்று எழுதியிருப்பதாக நினைத்திருந்தேன். போன மாதம் வாசித்தேன். ‘அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.’ சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

நீ எனக்கு எழுது. நான் மட்டும் வாசிப்பேன். போன் வேண்டாம். எனக்குக் காது சரியில்லை. ஸ்பீக்கரில் போட்டால் ஒட்டி ஒட்டி இருக்கிற இந்த லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும். தோட்ட ஆபிசுக்கும் அனுப்பாதே, அங்கே பல கை மாறும். டவுனில் மஃறூப் கடைக்கு அனுப்பு. அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதை எழுத நான்கு நாள் ஆனது. உன் பேரில் உள்ள ‘ஜீ’க்கு மட்டும் ஒரு நாள்.

அப்பா


வத்தளை
22.02.2024

அப்பாவுக்கு,

தையல் கடை முகவரிக்கு வந்த கடிதம் கிடைத்தது. நான் நம்பவில்லை.

வீரய்யா மாமா எழுதவில்லை என்பது தெரிகிறது. அவர் எழுதியிருந்தால் ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கியிருக்கும். அம்மா செத்துப்போனதைச் சொன்ன கடிதத்தையே அவர் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் வேறு யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 2021 மார்ச்சில் நான் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன் கடைசி வரி என்ன? அதை நீங்கள் எழுதி அனுப்பினால் நம்புகிறேன். எரித்துவிட்டீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள்.

அந்தக் கடிதத்திற்குப் பிறகு நான் வீட்டுக்கு வந்தேனே, அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி தந்த யோகட் கப்பை நான் மறக்கவில்லை. வீட்டில் ஆறு டம்ளர் இருந்தது. நான் குடித்து முடித்ததும் அந்தக் கப்பைக் குச்சியால் தள்ளிச் சாக்கடைக் கானில் போட்டீர்கள். எல்லாக் காம்பரா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜீவராணி


அக்கரப்பத்தனை
07.03.2024

மகளே,

எரிக்கவில்லை. உன் அம்மா காளியாயியின் சேலைக்கு அடியில், பெட்டியில் இருக்கிறது. அதை எடுக்க எனக்குப் பயம். படிக்கத் தெரிந்த பிறகும் பயம். நீ கேட்டதால் எடுத்தேன்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். லயத்துக்குக் கடிதம் வந்தால் வீரய்யா வாசலில் நின்று சத்தமாக வாசிப்பது வழக்கம். நல்லது கெட்டது எல்லாம் எல்லோரும் கேட்பார்கள். உன் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்தார். உன் புருஷன் செத்த பிறகு உனக்கு இரத்தம் பார்த்தார்கள் என்பது வரை வாசித்தார். அப்புறம் எச்.ஐ.வி. என்று வந்தது. அதையும் வாய் வாசித்துவிட்டது. பிறகுதான் அவருக்கே விளங்கியது. “மச்சான், போதும்” என்று மடித்து என் கையில் வைத்தார். ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

தாளின் பின்பக்கத்தை அவர் வாசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. எழுத்துத் தெரியாதவனுக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்புத்தான். வீரய்யாவும் திருப்பவில்லை.

இப்போது திருப்பினேன். வாசிக்க ஒன்பது நாள் ஆனது. அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

‘அப்பா, இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். இதற்கு மருந்து இருக்கிறது. கிளினிக்கில் இலவசமாகத் தருகிறார்கள். ஒவ்வொரு நாளும் தவறாமல் போட்டால் மற்றவர்களைப் போல வாழலாம் என்று டொக்டர் அம்மா சொன்னார். தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால், ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது. ஆனால் இங்கே தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் அட்டன் பஸ் வந்து நிற்கும் இடத்தில் காத்திருப்பேன்.’

கடைசி வரி இதுதான். ஞாயிற்றுக்கிழமை என்பது நீளமான சொல். எழுத்துக் கூட்டி முடிக்க நேரம் எடுத்தது. முடிந்ததும் வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது என்று நீ எழுதியிருந்தாய். அது என் பெட்டியிலேயே இருந்தது. அதைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் உனக்கு யோகட் கப்பில் ஊற்றினேன்.

நீ காத்திருந்தாயா? எவ்வளவு நேரம்?

அப்பா


வத்தளை
19.03.2024

அன்பான அப்பாவுக்கு,

மாலை ஆறு மணி வரை நின்றேன். மூன்று அட்டன் பஸ் வந்தது. ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் இறங்கும் வரை பார்த்தேன்.

இத்தனை நாளும் நீங்கள் அந்தப் பக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் வரவில்லை என்று நினைத்திருந்தேன். கேட்டுவிட்டுத்தான் அந்தக் கப்பைத் தந்தீர்கள் என்றும் நினைத்தேன். மூன்று வருடம், அப்பா. உங்கள் கடிதத்தைத் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு பாவாடை நனைந்துவிட்டது.

இனி நடந்ததை எழுதுகிறேன், மெதுவாக வாசியுங்கள்.

கிளினிக்குக்கு முதல் தடவை போனபோது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கதவோரம் நின்றேன். நேர்ஸ் அக்கா வந்து, “நங்கி, தே பொனவாத?” என்று சிங்களத்தில் கேட்டார். தங்கச்சி, தேத்தண்ணி குடிக்கிறியா என்கிறார். தன்னுடைய கப்பைக் கழுவி அதிலேயே ஊற்றித் தந்தார். நான் அழுதேன். மாத்திரைக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து, ‘ஒன்றும் செய்யாது’ என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அப்போது நான் முப்பத்தெட்டுக் கிலோ. மாத்திரை தொடங்கிய புதிதில் கொஞ்சம் தலைசுற்றல், கெட்ட கனவு. பிறகு பசி வந்தது. அப்படி ஒரு பசி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. எட்டு மாதத்தில் ஐம்பது கிலோ. தையல் வேலைக்குத் திரும்பினேன். காலை எட்டு மணிக்குப் போன் மணியடிக்கும். ஒரு மாத்திரை. அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் பேர் தர்ஷன். மஸ்கெலியாக்காரர், இங்கே ஆட்டோ ஓட்டுகிறார். முதலிலேயே அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். என்னோடு கிளினிக்குக்கு வந்து டொக்டர் அம்மாவிடம் இருபது கேள்வி கேட்டார். அப்புறம் வெளியே வந்து, “சரி, கொத்து ரொட்டி சாப்பிடுவமா?” என்றார். அவருக்கு இந்த நோய் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள், இல்லை என்றே வருகிறது.

எனக்கு இப்போது ஆறு மாதம், அப்பா. பிள்ளைக்கு வராமல் இருக்க எல்லாம் செய்கிறார்கள். போன கிழமை எனக்கு இரத்தம் பார்த்தார்கள். கிருமியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பரிசோதனைத் துண்டில் வந்திருக்கிறது. இரண்டு வருடமாக அப்படித்தான். ஆனால் அது போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாத்திரையால் அடங்கிக் கிடக்கிறது. நிறுத்தினால் திரும்பவும் எழும்பிவிடும். அதனால் ஒரு நாள்கூடத் தவறவிடுவதில்லை.

உங்கள் மகள்
ஜீவராணி


அக்கரப்பத்தனை
31.03.2024

என் தங்க மகளே,

கும்பிட்ட சாமி கண் திறந்துவிட்டது! மஃறூப் கடை வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். கல்யாணம் வரை வந்ததும் சிரிப்பு வந்தது. வயிற்றில் பிள்ளை என்றதும் கண் மங்கிவிட்டது. அப்புறம் ‘கிருமியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற வரி. கண்டுபிடிக்க முடியவில்லை! எழுந்து நின்று கத்திவிட்டேன். மஃறூப் பயந்து, “என்ன செல்லசாமி, லொத்தர் சீட்டு விழுந்துட்டா?” என்று கேட்டார். “அதவிடப் பெருசு” என்றேன். காரணம் சொல்லவில்லை. அவரிடமே தேங்காய் வாங்கி மாரியம்மன் கோயிலில் உடைத்தேன். இரண்டு சரி பாதியாக உடைந்தது.

எனக்குத் தெரியும், அவர்கள் பிழையாகப் பார்த்திருப்பார்கள். பெரிய பெரிய மெஷின் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அது இல்லை. இல்லாத நோய்க்கு எதற்கு மாத்திரை? வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ட மருந்தையும் விழுங்காதே. எல்லாவற்றையும் களனி ஆற்றில் போட்டுவிடு. அப்பா சொல்கிறேன்.

பிள்ளைக்கு எழுதச் சுலபமான பேராக வை. ‘ஜீ’ போதும், அதற்கு மேல் தாங்காது.

அப்பா


வத்தளை
05.04.2024

அப்பா,

நான் ஒரு மாத்திரையையும் எங்கேயும் போடவில்லை. போடவும் மாட்டேன்.

நீங்களும் வீரய்யா மாமா மாதிரியே செய்துவிட்டீர்கள். அவர் கெட்ட சொல்லில் நிறுத்தினார். நீங்கள் நல்ல சொல்லில் நிறுத்தியிருக்கிறீர்கள். இரண்டு பேருமே மிச்சத்தை வாசிக்கவில்லை.

அந்த வரிக்கு அடுத்த வரியை வாசியுங்கள். அதற்கு அடுத்ததையும் வாசியுங்கள். கோயிலுக்குப் போவதற்கு முன்னால் வாசித்திருக்க வேண்டும்.

எங்கள் கிளினிக்குக்கு வந்த ஓர் அக்காவின் வீட்டிலும் இப்படித்தான் சொன்னார்கள். இல்லை என்று வந்துவிட்டதே, இனி எதற்கு என்று. ஐந்து மாதம் நிறுத்தினார். இப்போது அவரைத் தூக்கித்தான் கொண்டு வருகிறார்கள்.

தர்ஷன் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, “மாமாவுக்குச் சந்தோசம் தலைக்கேறிருச்சு, கோவிக்காத” என்கிறார். எனக்குக் கோபம்தான்.

ஜீவராணி


அக்கரப்பத்தனை
20.04.2024

மகளே,

வாசித்தேன். அடுத்த வரி, அதற்கு அடுத்த வரி. மூன்று தடவை வாசித்தேன். தேங்காய் உடைத்தவன் பைத்தியக்காரன். நீ கோபப்பட்டது சரி. படிக்கத் தெரியாதபோது ஒரு பிழை செய்தேன், படிக்கத் தெரிந்து இன்னொரு பிழை செய்யப் பார்த்தேன். மாத்திரையை நிறுத்திவிடாதே. நிறுத்திவிடாதே என்று இரண்டு தடவை எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. கண்டுபிடிக்க முடியாத ஒன்று எப்படி உள்ளே இருக்கும்? யாரிடம் கேட்பது? யோசித்துக்கொண்டே கீழ்மலைப் பக்கம் விறகுக்குப் போனேன். எட்டு வருடமாக அந்தத் துண்டைக் கைவிட்டுவிட்டார்கள். கொழுந்தும் எடுப்பதில்லை, கவ்வாத்தும் இல்லை. அங்கே தேயிலை இப்போது என்னை விட மூன்று மடங்கு உயரம். குரங்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது.

முப்பத்தெட்டு வருடம் கவ்வாத்து வெட்டியவன் நான். கொழும்பு ஆட்கள் தேயிலையைச் செடி என்று நினைக்கிறார்கள். அது மரம். நாம் வெட்டி வெட்டி இடுப்புக்குக் கீழே வைத்திருக்கிறோம், அதனால் செடி மாதிரி நிற்கிறது. கவ்வாத்து முடிந்த மலையைத் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை, மொட்டை. ஆனால் வேர் இருக்கிறது. கத்தியைக் கீழே வைத்தால் அது மரமாகிவிடும். அங்கேயே நின்று, “இதுதானா விசயம்!” என்று சத்தமாகச் சொன்னேன். குரங்கு ஓடிவிட்டது.

உன் மாத்திரை கத்தி. காலை எட்டு மணிக்குக் கத்தியைத் தூக்கு. நான் இங்கே அதே நேரத்தில் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் முதல் பக்கத்தை இந்த லயமே கேட்டது. இரண்டாம் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் முதல் பக்கத்திலேயே நிற்கிறார்கள். வாசலில் நின்று நான் அதை வாசிக்கட்டுமா? நீ சொன்னால்தான் செய்வேன்.

அப்பா


வத்தளை
04.07.2024

அன்பான அப்பாவுக்கு,

பெண் பிள்ளை. ஜூன் 18. இரண்டு கிலோ எண்ணூறு. உங்கள் காது அவளுக்கு, பாவம். பேர் ஷாமிலா. நாங்கள் முதலிலேயே பார்த்து வைத்த பேர். இனி ‘ஷா’ எழுதப் பழகுங்கள்.

பிறந்த உடனே அவளுக்கு இரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. ஆனால் ஒரு தடவை போதாது. ஆறாம் வாரம் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை, ஆறு மாதத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும். இப்போது அவளுக்கு ஒரு பாணி மருந்து தருகிறோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாள்.

தாய்ப்பால் கொடுக்கவில்லை. பால் வழியாகக் கிருமி போகலாம் என்று டொக்டர் அம்மா புட்டியில் மாப்பால் கொடுக்கச் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் அக்கா, “ஏன் தங்கச்சி, புள்ளைக்குப் பால் குடுக்கலியா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். நான் மருந்து எடுக்கிறேன் என்றேன். பொய் இல்லைதானே. நெஞ்சு கட்டி வலித்தது. தர்ஷன் சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தார்.

உங்கள் கவ்வாத்துக் கதையை டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, மலைநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இனி இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் பக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அப்பா. அது உங்களுக்கு எழுதியது. லயத்துக்கு எழுதியது இல்லை. ஒரு தடவை என் பேர் வாசலில் சிந்தியது போதும். திரும்பவும் அதே இடத்தில் வேண்டாம்.

ஜீவராணி


அக்கரப்பத்தனை
16.08.2024

மகளே,

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தக் கடிதத்தைத் திரும்பவும் பெட்டியில் வைத்துவிட்டேன்.

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது முழுக்க ‘ஷா’. எண்ணிப் பார்க்காதே. முதலில் உள்ளவை தவளை மாதிரி இருக்கும். கீழே போகப் போகச் சரியாகிவிடும். டீச்சர் கடைசி வரிக்கு நட்சத்திரம் போட்டார். அந்தத் தூங்காத பிள்ளைக்குப் பொறாமை.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. இந்த முறை கோயிலுக்குப் போகவில்லை, முதலில் கேட்டுக்கொள்கிறேன். உனக்கும் இல்லை என்று வருகிறது. மாப்பிள்ளைக்கும் இல்லை என்று வருகிறது. ஆனால் நீ மாத்திரை போடுகிறாய், அவர் போடுவதில்லை. அப்படியென்றால் இரண்டு விதமான இல்லை இருக்கிறது. உன்னுடையது கவ்வாத்து வெட்டிய இல்லை. அவருடையது தேயிலையே நடாத மலையில் உள்ள இல்லை. சரிதானா?

சரி என்றால், ஷாமிலாவுடையது எந்த இல்லை? அது தெரிகிற வரை எனக்குச் சோறு இறங்காது. ஆறு மாதம் எப்போது முடியும் என்று கலண்டரில் சுழித்து வைத்திருக்கிறேன்.

தினமும் எட்டு மணிக்குக் கத்தியைத் தூக்குகிறாய்தானே?

அப்பா


வத்தளை
21.12.2024

என் அப்பாவுக்கு,

நேற்றுத் துண்டு வந்தது. அதைக் கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டு, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஷாமிலாவுக்கு இல்லை. தேயிலையே நடாத மலை. டொக்டர் அம்மாவிடம் அப்படியே கேட்டேன், ‘இது எந்த இல்லை, மிஸ்?’ என்று. முழு இல்லை என்றார். ஒன்றரை வயதில் உறுதிக்கு ஒரு தடவை பார்ப்பார்களாம். பயப்பட ஒன்றும் இல்லையாம். இப்போது நீங்கள் தேங்காய் உடைக்கலாம்.

தேத்தண்ணி தந்த நேர்ஸ் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் முழுக்கச் சுற்றினார். அங்கே புதிதாக வந்த ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கதவோரம் நின்றாள். ஷாமிலா எட்டி அந்தத் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டாள். அவள் சிரித்தாள். நான் போய், “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஷாமிலா கவிழ்ந்து நகர ஆரம்பித்துவிட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வர எனக்கு ஆசை. ஆனால் நம் வாசலில் அவளை விட்டால், யாராவது ஒருத்தர் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். எனக்குச் செய்ததைத் தாங்கினேன். அவளுக்குச் செய்தால் தாங்க மாட்டேன். ஒளித்துக்கொண்டு வரவும் முடியாது, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும். பாதி தெரியும்.

அதனால் வாசியுங்கள், அப்பா. இரண்டாம் பக்கத்தை வாசியுங்கள். நீங்களே வாசியுங்கள், வேறு யாரும் வேண்டாம். கடைசி வரி மட்டும் உங்கள் இஷ்டம். அது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். பிறகு முடிவெடுக்கிறேன்.

ஜீவராணி


அக்கரப்பத்தனை
06.01.2025

என் மகள் ஜீவராணிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லை. காலையில் வெயில் வந்ததும் எல்லோரும் வாசலில் குந்தியிருந்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தோடு வெளியே வந்தேன். வீரய்யா பழக்கத்தில் கையை நீட்டினார்.

“கொண்டா மச்சான், நான் வாசிக்கிறேன்.”

“வேணாம் வீரய்யா. நீ ஒரு பக்கம் வாசிச்சிட்ட. மத்தப் பக்கம் என்னுது” என்றேன்.

தாளைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

வாசிக்கத் தொடங்கினேன். உனக்குத் தெரியும், எனக்கு வேகம் இல்லை. ‘பயந்துவிடாதீர்கள்’ என்ற சொல்லிலேயே மூன்று தடவை தடுக்கினேன். பக்கத்துக் காம்பரா வினோதா, “இப்படிப் போனா நாளைக்கு வேலைப் பெரட்டுக்கு நேரமாயிரும் பெரியப்பா!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வாய் நன்றாகத் திறந்தது.

மருந்து இருக்கிறது என்பதை வாசித்தேன். தொட்டால் ஒட்டாது என்பதை வாசித்தேன். ஒரே டம்ளர் என்ற இடம் வந்தபோது நிறுத்தினேன். “இது என் பெட்டியிலேயே இருந்திச்சு. நான் கப்பைக் கான்ல போட்டத நீங்க எல்லாம் பாத்தீங்க. அத நான் செஞ்சது பிழை” என்றேன். பிறகு கடைசி வரியையும் வாசித்தேன். நீ வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவன் நான்தான்.

வினோதாதான் கேட்டாள், “அப்ப அந்தப் புள்ள அங்க வந்து நின்னுச்சா?”

“ஆறு மணி வரைக்கும்” என்றேன்.

வீரய்யா தலையைக் குனிந்துகொண்டு, “தாளைத் திருப்பியிருக்கணும் மச்சான்” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆயிரம் கடிதம் வாசித்த மனிதன்.

கெட்டதையும் எழுதச் சொன்னாய். மேல் லயத்து ஆள் ஒருவர், “என்னதான் சொன்னாலும் நம்ம புள்ளைங்களப் பாக்கணும்ல” என்று எழுந்து போய்விட்டார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள். கீழ்மலையைக் காட்டினேன். எல்லோருக்கும் உடனே விளங்கிவிட்டது. கவ்வாத்து தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லையே. ஷாமிலா பிறந்ததையும் சொன்னேன். வினோதா, “தொட்டில் கட்ட என் பழைய சேலை இருக்கு, நல்ல நூல் சேலை” என்றாள். கேட்காமலே சொன்னாள்.

மத்தியானம் ஒருவர் தனியாக என்னிடம் வந்தார். பேரை எழுத மாட்டேன். அந்த மாத்திரை நுவரெலியாவிலும் கொடுக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். கொடுக்கிறார்கள் என்று டீச்சரிடம் விசாரித்து, எந்த நாளில் போக வேண்டும் என்பதை என் கையால் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். இந்தக் கடிதங்களைத் தவிர நான் எழுதிய முதல் எழுத்து அது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் நானும் கூடப் போகிறேன். பொங்கல் முடிந்து போவோம்.

முடிவு உன்னுடையது. வரமாட்டேன் என்றால் அதையும் வாசித்துக்கொள்வேன். ஆனால் நீ ஒரு தடவை கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கூட்டிக்கொண்டு போக வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டாம் திகதி. முதல் பஸ்ஸில் தலவாக்கலை, அங்கிருந்து அட்டன், அட்டனில் இருந்து கொழும்பு. மூன்று பஸ், மூன்று பலகை. ஒருவரையும் கேட்க மாட்டேன். இதுவரை நான் தனியாக அட்டனைத் தாண்டியதில்லை.

வீட்டில் ஆறு டம்ளரையும் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். எந்த டம்ளர் யாருக்கு என்று இல்லை. கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வோம்.

இந்தக் கடிதத்தை ஒரே நாளில் எழுதினேன். மூன்று தாள், இரண்டு பக்கமும்.

நீ அன்றைக்கு நின்ற இடத்திலேயே நில். ஷாமிலாவையும் மாப்பிள்ளையையும் கூட்டி வா. பஸ் வந்து கொஞ்சம் பிந்தினாலும் போய்விடாதே. இறங்கின இடம் சரிதானா என்று பலகையை எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

அப்பா